இன்னும் பேசாத ஆள்

அந்த அக்கா தன் அபிப்பிராயத்தை முதலில் சொல்லி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "எங்கீங்க போவோணும்?" என்று கேட்டால்கூட, பக்கத்து சீட்டுக்காரரிடம் "நீங்க எதுவரைக்குமுங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் மாரமங்கலத்துக்கு டிக்கெட் வாங்குவார். அதற்குள் பஸ் இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருக்கும்.

அக்கா என்கிறேனே என்று வயதைக் கணக்குப் போட வேண்டாம். என்னைவிட நான்கு வயது இளையவர். ஏற்காட்டு மலையில் எல்லாரும் அக்கா என்றார்கள், நானும் என்றேன். பாதி மரியாதை, பாதி பயம். இங்கே பேரைப் போடாமல் விடுவதும் அந்தப் பாதி பயத்தால்தான். போட்டால், "ஏனுங்க, எம் பேரப் போடலாமான்னு யாரையாச்சுங் கேட்டீங்களா?" என்று போன் வரும்.

மாரமங்கலம் பக்கம் நாற்பது சின்னத் தோட்டக்காரக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு காப்பிக் கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அடிவாரத்து வியாபாரியிடம் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள். இனி எல்லார் பழமும் ஒரே கொட்டகைக்கு வரும். ஒன்றாகத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, காயவைத்து, ஒரே பெயரில் விற்பார்கள். அக்கா தலைவர். நான் சேலத்திலிருந்து சம்பளத்துக்கு வந்த மேனேஜர். மேலாண்மை படித்தவன். தோளில் மடிக்கணினிப் பை, காலில் வழுக்குகிற ஷூ, வாயில் ஓயாத பேச்சு. மலையேறும்போது என்னிடம் இருந்த சொத்து அவ்வளவுதான்.

என்னை வேலைக்கு எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இருபது நிமிடம் பேசினேன். தொலைநோக்கு, கூட்டு முயற்சி, குழு மனப்பான்மை என்று ஒன்றுவிடாமல். அக்கா புடவைமேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"இவரப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

"நல்லாப் பேசறாருங்க" என்றார் ஒருவர்.

"சட்டை நல்லாருக்குதுங்க" என்றார் சின்னத்தம்பி. மிளகும் காப்பியும் போட்டிருக்கிற விவசாயி. அன்றிலிருந்து நான் மலையை விட்டு இறங்கும்வரை என்னைக் கிண்டல் செய்வதை இன்னொரு பயிராக வளர்த்தவர்.

அக்கா ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்துக்கொண்டே வந்து நிறுத்தினார். "யாரு இன்னும் பேசலீங்க?"

சுவரோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பழனியம்மா. கொட்டச்சேட்டு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். கொட்டகையில் காப்பி கழுவும் கூலி வேலை. கம்பெனியில் பங்கு கிடையாது. ஆனாலும் வட்டத்தில் உட்கார வேண்டும் என்பது அக்கா போட்ட ஏற்பாடு. பழனியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு நேரம் பேசினாருங்க. நம்மள ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

எனக்குக் காது சுட்டது. அக்கா கடைசிச் சுளையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "வரட்டும். கேக்கறதுக்குப் பழகிக்குவாரு."

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

வாராவாரம் வட்டம் கூடும். எந்த விஷயமானாலும் சுற்றி வரும். பேசத் தெரிந்தவர்கள் பேசி முடிப்பார்கள். பிறகு அந்தக் கேள்வி: "யாரு இன்னும் பேசலீங்க?" கேட்டுவிட்டு அக்கா அடுத்த ஆரஞ்சை எடுத்துவிடுவார். பேசாத ஆள் வாயைத் திறக்கிறவரை உரிப்பார். நாராக நாராகப் பிரித்து எடுப்பார். அந்த அமைதி இருக்கிறதே, அதைத் தாங்க என்னால் ஆகாது. இடையில் புகுந்து ஒரு ஜோக் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். சிரித்து முடித்து, மறுபடி அதே பேசாத ஆளைப் பார்ப்பார். அப்புறம்தான் தன் கருத்து. அதுவும் பாதி நேரம் மற்றவர் சொன்னதைச் சேர்த்துக் கட்டினதாக இருக்கும்.

இந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு யோசனையும் கிடையாது என்று முதல் ஆறு மாதம் நிச்சயமாக நம்பினேன். தலைவர் என்றால் முன்னால் நடக்க வேண்டும் என்று படித்தவன் நான். இவரோ கடைசி ஆள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே நிற்பார்.

அந்த எண்ணம் போய், அதன் இடத்தில் பயம் வந்தது வியாபாரியால்.

அடிவாரத்துக் குப்பனூர்ப் பக்கமிருந்து அந்த வியாபாரி ஒருநாள் காரில் வந்தார். அக்காவைத் தனியாக வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். "உங்க ஊட்டுக் காப்பிக்கு மட்டும் வெல கூடப் போட்டுத் தர்றனுங்க. யாருக்குந் தெரிய வேண்டாம். கம்பெனிய மெல்ல விட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டு, "கேட்டுச் சொல்றனுங்க" என்றாராம். வியாபாரி வீட்டுக்காரரைக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். அக்கா கேட்டது வட்டத்தில். வேலியோரம் பேசியதை வரிக்கு வரி, வியாபாரி குரலைத் தாழ்த்திய இடத்தில் தானும் தாழ்த்தி, ஒப்பித்தார். "நான் என்ன பதில் சொல்லட்டுங்க? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

அன்று மூன்று பேர், தங்களிடமும் அவர் அதே வேலியோரத்தில் அதையே சொன்னதாக ஒத்துக்கொண்டார்கள். கம்பெனி பிழைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே. இந்த அம்மாவிடம் ஒரு ரகசியமும் தங்காது. யார் எதைச் சொன்னாலும் அது வட்டத்துக்கு வந்துவிடும். அப்போது என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. இருந்தாலும் பயந்தேன். நான் எப்போதும் முன்கூட்டியே திட்டமிடுகிறவன்.

ரகசியம் அந்தக் காப்பிப் பருவத்திலேயே வந்தது.

தோலுரித்த காப்பிக் கொட்டையின் மேல் வழவழவென்று ஒரு பசை இருக்கும். தொட்டியில் ஊறினால் அது விடும். விட்டதும் கழுவிவிட வேண்டும். தாமதித்தால் ஊறல் புளித்து, கொட்டைக்குள் நாற்றம் இறங்கிவிடும். காய்ந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கோப்பையில் மட்டும் தெரியும். ஒரு கைப்பிடிக் கொட்டை மூட்டை முழுவதையும் கெடுக்கும். பசை விட்டுவிட்டதா என்று பார்க்க, தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கொட்டையைத் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை, கரகரத்தால் ஆயிற்று. இதற்கு அக்கா வைத்த ஏற்பாடு மூன்று கை. மூன்று பேர் தனித்தனியாகக் கைவிட்டுப் பார்த்து, மூவரும் சரி என்றால்தான் கழுவ வேண்டும். அந்தந்தத் தொட்டிப் பலகையில் மூன்று பேர் பெயரையும் சாக்பீஸால் எழுத வேண்டும்.

"ஒரு கை ஏமாந்துரும். காப்புக் காச்ச கை இருக்கும், குளுந்த கை இருக்கும், அவசரக் கை இருக்கும்" என்பார் அக்கா.

என்னிடம் கையைவிட உயர்ந்த பொருள் இருந்தது. இணையத்தில் எடுத்த ஒரு அட்டவணையும் கைப்பேசி அலாரமும். இந்த உயரத்துக்கு முப்பத்தாறு மணி நேரம் என்று அட்டவணை சொன்னது.

பெங்களூரிலிருந்து ஒரு காப்பி வாங்குபவர் வருவதாக இருந்தது. நாற்பது குடும்பத்தின் காப்பியை ஒன்றாகக் கலந்து காய்ச்சிக் குடித்துப் பார்ப்பார். பிடித்தால் அந்தப் பருவம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு, அவரவர் மூட்டையோடு அந்த வேலியோர வியாபாரியிடமே போக வேண்டியதுதான். இரண்டாம் தொட்டி ஊறிக்கொண்டிருந்த அன்று, அக்கா தன் தங்கை குழந்தையின் காதுகுத்துக்குக் குப்பனூர் இறங்கிவிட்டார். "மூணு கை பாத்துருங்க மேனேஜருங்க" என்பதுதான் போகும்போது சொன்னது.

அன்று மலையில் வழக்கமில்லாத புழுக்கம். பனிமூட்டம் வரவேயில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். புழுக்கத்தில் ஊறல் சீக்கிரம் புளித்துவிடும். அதிலாவது எனக்கு ஏதாவது புரிந்திருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குப் பழனியம்மா கேட்டார்: "சார், ரெண்டாந் தொட்டியக் கை வெச்சுப் பாத்துரலாங்களா?"

அட்டவணைப்படி காலைவரை நேரம் இருந்தது. புதுச் சட்டை வேறு போட்டிருந்தேன். முழுக்கை. "நான் பாத்துட்டேன். காலையில கழுவலாம். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க" என்றேன். அந்த ஊர்க்காரன் மாதிரி 'ஊடு' என்று வேறு சொன்னேன்.

காலையில் கொட்டகைக்குப் பத்தடி முன்பே நாற்றம் வந்து என்னை வரவேற்றது. எனக்கும் பழனியம்மாவுக்கும்தான் அந்த வேளைக்கு வேலை. அவர் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டார். நான்கு தண்ணீர் கழுவினோம். நாற்றம் பாதிதான் போயிற்று. எட்டு மணிக்கு வந்த சின்னத்தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க மேனேஜர், பன்னி கின்னி செத்துக் கெடக்குதுங்களா?"

"சாக்கடை அடைச்சுக்கிச்சு" என்றேன்.

"உங்க ஷூவக் கழட்டிப் பாத்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். என் ஷூவைப் பற்றிய ஜோக்குக்கு நான் அவ்வளவு நன்றியோடு சிரித்தது அதுவே முதல் தடவை.

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். பலகை காலியாக இருந்தது. சாக்பீஸை எடுத்தேன். முதலில் என் பெயர். இரண்டாவது, கம்பெனி ஜீப் டிரைவர் பெயர். மாலை போட்டிருந்த அவர் முந்தின நாள் ராத்திரிதான் சபரிமலைக்குக் கிளம்பியிருந்தார், ஐயப்பன் சன்னிதிக்கே போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? மூன்றாவது, பழனியம்மா. அதை எழுதும்போது அவர் டீ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்து பலகையைக் கடந்துதான் டீயை என் கையில் கொடுத்தார். படித்தாரா என்று தெரியவில்லை. டீயில் சர்க்கரை இல்லை. அது வழக்கமா, பதிலா என்றும் தெரியவில்லை.

காப்பி காய்ந்து முடியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வாழ்க்கையில் நான் அதிகம் ஜோக் சொன்ன பன்னிரண்டு நாள் அது. யாரும் கேட்காமலே சொன்னேன். கம்பி வலை மேசைகளில் காயும் கொட்டையைத் தினமும் முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது. நாறியிருந்தால் எல்லாருக்கும் தெரிந்து தொலைந்திருக்கும். வாங்குபவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளிக்கிற மாதிரி கனவு வந்தது. அதைவிட மோசமாக ஒன்று விழித்திருக்கும்போது தோன்றியது: காப்பி கெட்டது ஏன் என்று பலகையைப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே மூன்று பெயர். ஒருவன் படித்த மேனேஜர், ஒருவர் மாலை போட்ட சாமி. மிச்சமிருப்பது கூலிக்கு வருகிற ஒரு பெண்ணின் கை. யாரைச் சொல்வார்கள்?

பழனியம்மா எப்போதும்போல வந்தார், கிளறினார், போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூட்டை கட்டுவதற்கு முந்தின நாள் வட்டம் கூடியது. எந்தெந்தத் தொட்டிக் காப்பியைக் கலக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அக்கா மடியில் நான்கு ஆரஞ்சு. ஒன்றாம் தொட்டி, சரி. மூன்றாம் தொட்டி, சரி. இரண்டாவதை ஏன் விட்டார் என்று எனக்கு வியர்த்தது. உண்மையில் பலகைகள் அந்த வரிசையில் சாத்தி வைத்திருந்தன, அவ்வளவுதான். பயந்தவனுக்கு எல்லாமே திட்டமாகத் தெரியும்.

"ரெண்டாந் தொட்டி" என்றார் அக்கா.

நான் ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் தொட்டியையும் இரண்டாம் மாப்பிள்ளையையும் வைத்து ஒரு ஜோக். சிரிப்பு. உடனே வாங்குபவரின் தொப்பையைப் பற்றி இன்னொன்று, அவரை நான் பார்த்ததே இல்லை. அதற்கும் சிரிப்பு. வட்டம் சுற்றியது. "கலக்கலாமுங்க." "கலக்கலாம்." சின்னத்தம்பி, "மூணு கை பாத்தாச்சுல்ல, அப்பறம் என்னங்க" என்றார். ஒவ்வொரு 'கலக்கலாமு'க்கும் எனக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்த நொடியே நின்றது. ஏனென்றால் மிச்சமிருந்தது பழனியம்மா. அவர் சுவரோரம், முதல் நாள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஆரஞ்சைக் கையில் எடுத்தார். "யாரு இன்னும் பேசலீங்க?"

எல்லார் கண்ணும் பழனியம்மாவிடம் போயிற்று. என் கண் போகவில்லை. என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோல் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல்.

"மேனேஜருங்க. நீங்க இன்னும் பேசலீங்களே."

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. "இவரா பேசல!" சின்னத்தம்பி தொடையைத் தட்டினார். "பொழுது விடிஞ்சதுலருந்து ரேடியோவாட்டம் ஓடிட்டிருக்காரு! அக்கா, பேட்டரியக் கழட்டோணும் இவருக்கு!"

அக்கா சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நாரைப் பிரித்துக்கொண்டிருந்தார், மற்றவர்களுக்காக எப்படிக் காத்திருப்பாரோ அப்படியே. அந்த அமைதிக்குள் எப்போதும் ஜோக்கைப் போடுகிறவன் நான். இந்த முறை அமைதி எனக்கானது. கையில் சரக்கு இல்லை.

"நான் கை வைக்கல" என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ரெண்டாம் தொட்டியில நான் கையே வைக்கல. யாரும் வைக்கல. பழனியம்மா கேட்டாங்க. நான்தான் பாத்துட்டேன்னு பொய் சொன்னேன். காலையில புளிச்சுப் போச்சு. பலகையில மூணு பேரையும் நானே எழுதினேன். அவங்களுக்குத் தெரியாம அவங்க பேரையும்."

சின்னத்தம்பியின் முகத்தில் சிரிப்பு எப்படி அணைவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அணைந்தது. "நாப்பது குடும்பத்துச் சோறுங்க மேனேஜர்" என்றார். அவர் கிண்டல் இல்லாமல் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது. இன்றும் காதில் இருக்கிறது.

அக்கா பழனியம்மா பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. பலகையப் படிச்சனுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?" என்று சின்னத்தம்பி பாய்ந்தார்.

பழனியம்மா தலையை நிமிர்த்தினார். "சொல்லத்தாங்க வந்தேன். இவரு சொல்லாட்டி அடுத்தது எம் முறைதானுங்களே."



"இப்ப என்ன பண்றதுங்க?" என்று கேட்டு, அக்கா மறுபடி முதலிலிருந்து வட்டத்தைச் சுற்ற விட்டார். என்னை அன்றைக்கே சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்றார் சின்னத்தம்பி. வேறு இருவரும் அதையே சொன்னார்கள். நியாயமாகத்தான் இருந்தது. நான் மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். பழனியம்மா முறை வந்தது.

"அனுப்ப வேண்டாமுங்க. அனுப்பினா அடுத்து வர்ற மேனேஜரும் முழுக்கைச் சட்டையோடதான் வருவாரு. இவரு கைய மடிக்கட்டும். இனிமே எந்தத் தொட்டியானாலும் மொத கை இவருதுங்க."

அக்கா கடைசியாகச் சொன்னார்: "ரெண்டாந் தொட்டியத் தனியா வெச்சுருவோம். அவரத் தனியா விட்டுட்டு காதுகுத்துக்குப் போனது நானுங்க. என்னையும் சேத்து எழுதிக்கோங்க."

வாங்குபவர் வந்தார். தொப்பை இல்லை. ஒன்றும் மூன்றும் கலந்த காப்பியை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வெகு நேரம் கண்ணை மூடியிருந்தார். நாற்பது குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தொண்டையைப் பார்த்தோம். கண்ணைத் திறந்து, "இன்னொரு கோப்பை கிடைக்குமா?" என்றார்.

இரண்டாம் தொட்டியில் பெரும்பங்கு குறைந்த விலைக்குப் போயிற்று. ஒரு மூட்டையை மட்டும் அக்கா கொட்டகையிலேயே நிறுத்தினார். அடுத்த பருவம் வரை வட்டத்தில் எல்லாரும் குடித்தது அந்தக் காப்பிதான். அழுகின வாழைப்பழத்தைக் கொதிக்க வைத்த மாதிரி இருக்கும். ஒருத்தரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "மேனேஜர் டிகாக்‌ஷன்" என்று சின்னத்தம்பி பேர் வைத்தார். கிண்டல் திரும்பி வந்ததும்தான் எனக்கு ராத்தூக்கம் வந்தது.

இரண்டு பருவம் முதல் கையாக இருந்தேன். பிறகு வேறு வேலைகள். இப்போது என் பிழைப்பு, கம்பெனிக்காரர்களை ஏற்காட்டு ஓட்டல் புல்தரையில் உட்கார வைத்து, தலைமைப் பண்பு பற்றியும் சேர்ந்து வேலை செய்வது பற்றியும் வகுப்பெடுப்பது. ஆமாம், நான்தான். காகிதக் கோப்பையில் கோபுரம் கட்டச் சொல்வேன். குரங்கு வந்து கோபுரத்தைத் தட்டிவிட்டால், அதிலும் ஒரு பாடம் இருப்பதாகச் சொல்வேன். வகுப்பின் முடிவில் "யார் இன்னும் பேசவில்லை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கடைசி வரிசையில் யாருடைய முகமாவது வெளுக்கும். அந்த வெளுப்பு எனக்குத் தெரியும். கையில் ஆரஞ்சு இல்லாததால் விரலை உரித்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் ஒரு வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அக்கா நின்றிருந்தார். அதே ஸ்வெட்டர். என்னிடம் வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது. நலம் விசாரித்த கையோடு கேட்டுவிட்டேன்.

"அக்கா, எப்பவும் பழனியம்மாவைத்தானே கடைசியாக் கேப்பீங்க. ரெண்டாம் தொட்டி அன்னிக்கு அவங்களை விட்டுட்டு என்னைக் கேட்டீங்களே. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அவங்க சொல்லிட்டாங்களா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுக்கைச் சட்டையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது பார்வை. பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு ஆரஞ்சை எடுத்தார்.

"நீங்க என்னங்க நெனைக்கிறீங்க? மொதல்ல நீங்க சொல்லுங்க."

சொன்னேன். தெரிந்திருக்கும் என்று ஒரு பத்து நிமிடம், தெரிந்திருக்காது என்று ஒரு பத்து நிமிடம். மாரமங்கலம் பஸ் வந்தது. அக்கா பாதி ஆரஞ்சை என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர் முறை இன்னும் வரவில்லை.